நான்காவது ரீலில் மண்டியிட்டவர்கள்

“ஊமைப் படத்துக்கு இன்னாத்துக்கும்மா ஆர்மோனியப் பொட்டி? மெய்யாலுமே வாசிப்பியா, இல்ல மொதல் ரீலுலயே ஓடிப் பூடுவியா?”

எங்கள் கல்லூரியின் இயற்பியல் ஆய்வக அட்டெண்டர் என்னிடம் இப்படிக் கேட்டபோது அவர் கையில் துருப்பிடித்த தகர டப்பா ஒன்று இருந்தது. மூடியைத் திறந்ததும் புளித்த காடி வாடை அறை முழுக்கப் பரவியது. பக்கத்தில் நின்ற மாணவிகள் கைக்குட்டையைத் தேடினார்கள். நான் நகரவில்லை. பம்மலில் தோல் பதனிடும் ஷாப்புக்கு இரண்டு தெரு தள்ளி வளர்ந்தவளுக்கு அதெல்லாம் ஒரு வாடையே அல்ல.

“ஓட மாட்டேன், அண்ணா” என்றேன்.

அப்படி நான்கு டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ஊமைப் படத்தின் ஒரு ரீல். ஆய்வகத்துக்கு வெள்ளையடிக்க அலமாரியை நகர்த்தியபோது அதன் பின்னால் கிடைத்தவை. எப்போதோ இங்கே பாடம் நடத்திவிட்டுத் தன் நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்காரப் பேராசிரியர் ஒருவர் விட்டுச் சென்றது என்றார்கள். கல்லூரியின் திரைப்படக் கழகத்தை நடத்திய ஆங்கில மேடம் நூலகத்தில் இருந்த சினிமாப் புத்தகங்களையெல்லாம் புரட்டிப் பார்த்தார். அந்தப் படத்தைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதியிருக்கவில்லை.

கதை எளிமையானது. சலவைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒருத்தி, தன் மகள் நன்றாக வளர வேண்டும் என்று குழந்தையை ஒரு பணக்கார வீட்டில் விட்டுவிடுகிறாள். பல வருடம் கழித்து அதே வீட்டுக்கு வேலைக்காரியாக வந்து சேர்கிறாள். மகளுக்கு அவள் யாரென்று தெரியாது. ஒரு நாள் கோபத்தில் அவளை வேலையை விட்டு நிற்கச் சொல்லிவிடுகிறாள். கிளம்புவதற்கு முன் அந்தத் தாய் மகளுடைய கல்யாண உடையை இஸ்திரி போடுகிறாள். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டுக் கண்ணீர் விழுகிறது. அதைத் தேய்த்து உலர்த்துகிறாள். இன்னொரு சொட்டு விழுகிறது. மறுபடியும் தேய்க்கிறாள். வேறெதுவும் நடப்பதில்லை. நாலைந்து நிமிஷம் அதே கை, அதே துணி.

முதல் தடவை ஓட்டிப் பார்த்தபோது அறையில் புரொஜக்டரின் கடகடவென்ற சத்தம் மட்டும்தான். முடிந்ததும் மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இதை இப்படியே காட்டினால் பசங்க தூங்குவாங்க, இல்லன்னா சிரிப்பாங்க. மியூசிக் வேணும். யார் வாசிக்கிறீங்க?”

பியானோ கற்ற மாணவிகள் இரண்டு பேர் இருந்தார்கள். “நோட்ஸ் எங்கே, மேடம்?” என்று கேட்டார்கள். எழுதிய இசைக் குறிப்பு எதுவும் கிடையாது. அவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

“எனக்கு நோட்ஸ் வேண்டாம், மேடம்” என்று நான் எழுந்து நின்றேன்.

உண்மையில் எனக்கு நோட்ஸ் படிக்கவே தெரியாது. காதால் கேட்டு வாசிப்பவள் நான். அதை அவர்கள் முன்னால் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனவள் நான்தான். அப்பா என் கல்லூரி விண்ணப்பத்தில் கட்டைவிரல் ரேகை வைத்தவர். அந்த மை ஈரமாக இருக்கும்போதே ஒரு முடிவு செய்துகொண்டேன்: தெரியாது என்ற சொல் என் வாயிலிருந்து வரக் கூடாது. அந்தப் பிடிவாதத்தால் எனக்குக் கிடைத்தவை நிறைய. பயந்து செத்த நாட்களும் அதனால் வந்தவைதான்.

நான் வாசிக்கப் பழகியது எங்கள் கோயில் ஆர்மோனியத்தில். கோயில் என்றால் பம்மலில் தோல் ஷாப் தொழிலாளிகளுக்காக எழுப்பப்பட்ட ஒரு சின்ன மாதா கோயில். லத்தீனில் இருந்த பூசை தமிழுக்கு வந்த பிறகு பாட்டுக்கு ஒரு பெட்டி வாங்கினார்கள். வாசிக்க ஆள் இல்லாததால் சாமி என்னை உட்கார வைத்தார். நாங்கள் சாமி என்று சொல்வது பங்குக் குருவானவரை. எங்கள் தெருக்காரர்கள் எப்போதும் பின்வரிசையில் நிற்பவர்கள். நான் பெட்டி முன்னால் உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அப்பா நாலாவது வரிசையில் வந்து நிற்கத் தொடங்கினார். யாரும் அவரைப் பின்னால் போகச் சொல்லவில்லை. ஷாப்பில் தோலைச் சுமக்கும் மனிதருக்கு அந்த நாலாவது வரிசை எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். அந்தப் பெட்டி என் கையைவிட்டுப் போனால் அதுவும் போகும்.

கல்லூரியில் ஆர்மோனியம் இல்லை. சாமியிடம் போய், “காலேஜ்ல ஒரு நிகழ்ச்சி, சாமி. ஒத்திகையோட சேத்து மூணு நாளைக்குப் பெட்டி வேணும்” என்று கேட்டேன். என்ன நிகழ்ச்சி என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சினிமா என்ற சொல்லைக் கேட்டால் கோயில் பெட்டி வாசலைத் தாண்டாது.

முதல் மூன்று ரீல்களுக்கும் ஒரு வாரத்தில் மெட்டுகள் கிடைத்துவிட்டன. தொழிற்சாலைக் காட்சிக்குத் துருத்தியை வேகமாக அடித்து ஒரு தாளம். பணக்கார வீட்டுக்கு ஆங்கிலப் பாட்டு மாதிரி ஏதோ ஒன்று. எல்லாம் என் விரலுக்கு வந்தவை. பரீட்சை அட்டையில் காகிதம் செருகி, திரையில் எந்த வசன எழுத்து வந்ததும் எந்த மெட்டு என்று குறித்துக்கொண்டேன். நான்காவது ரீலில் அந்த இஸ்திரிக் காட்சிக்கு மட்டும் எதுவும் பொருந்தவில்லை. சோகமாக எதை வாசித்தாலும் அவள் நடிப்பது போலத் தெரிந்தது.

தண்ணீர்க் குழாயடியில் வரிசையில் நின்றபோது அது தானாக வந்தது. என் வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது மாதா புலம்பல்.

பெரிய வெள்ளிக்கிழமை அன்று எங்கள் கோயிலில் பெண்கள் பாடுவது அது. சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மாதா மடியில் வாங்கும் அடி வந்ததும் எல்லோரும் சட்டென்று மண்டியிட வேண்டும். யாரும் சொல்ல வேண்டியதில்லை. நடக்கத் தெரிந்த குழந்தைகூட அந்த இடத்தில் முழங்காலை மடக்கும். இன்னொன்று, அன்றைக்கு மணி அடிக்க மாட்டார்கள், ஆர்மோனியம் தொடக் கூடாது. கட்டையைத் தட்டும் சத்தமும் மனிதக் குரலும் மட்டும்தான். ஆகவே அந்த மெட்டைப் பெட்டியில் யாரும் கேட்டதே கிடையாது.

என் துணிச்சலுக்கு அதுதான் காரணம். ஒவ்வொரு சுரத்தையும் ஒன்றரைப் பங்கு இழுத்து வாசித்துப் பார்த்தேன். மெட்டு அடையாளம் தெரியாமல் கரைந்துபோயிற்று. என் காதுக்கே அது வேறு எதுவோ போல இருந்தது. இரண்டாவது ஒத்திகையில் அதைப் படத்தோடு சேர்த்து வாசித்தபோது, அவள் தேய்க்கும் கையும் என் துருத்தியும் ஒரே மூச்சில் போயின. மேடம் என் தோளைத் தொட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

அந்த ஒத்திகையில்தான் இன்னொன்றும் நடந்தது. மூன்றாவது ரீலில் ஓரத் துளை கிழிந்து படம் சிக்கிக்கொண்டது. விளக்கின் சூட்டில் திரையில் அந்தத் தாயின் கன்னம் பழுப்பாகி, குமிழ் விட்டு, ஓட்டையாயிற்று. அட்டெண்டர் பாய்ந்து விளக்கை அணைத்தார்.

“பாத்தியா? நடுவுல நின்னா அவ்ளோதான். இன்னா ஆனாலும் நிறுத்தச் சொல்லாத. ஓடினா ஓடிக்கினே இருக்கணும்.”

அதற்குப் பிறகு என் கனவில் அந்தக் குமிழ் வந்தது.

காட்சி நாள் ஒரு வியாழக்கிழமை, மாலை ஐந்தரை மணிக்கு. அப்பா ஆர்மோனியத்தைச் சாக்குத் துணியில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டி, பம்மலிலிருந்து தாம்பரம் வரை தள்ளிக்கொண்டே வந்தார். ஏறி மிதித்தால் பெட்டி குலுங்குமாம். நான் பக்கத்தில் நடந்தேன். கல்லூரி வாசலில் நான் அப்படியே நின்றுவிட்டேன். அங்கே எங்கள் கோயில் பெண்கள் ஒன்பது பேர், துவைத்த புடவை, தலையில் பூவோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

“நம்ம கோயிலு பொட்டி காலேஜுக்குப் போவுதாமே, நாங்க வராம இருப்போமா?” என்றாள் எதிர்வீட்டு அக்கா.

“உங்கப்பா தோல் ஷாப்பு முச்சூடும் சொல்லிட்டாரு. இன்னாடி மூஞ்சி இப்பிடிக் கீது, பேயறைஞ்சாப்ல?” என்றாள் இன்னொருத்தி.

அப்பா கீழே பார்த்துச் சிரித்துக்கொண்டார். அவரும் இது பாட்டுக் கச்சேரி என்றுதான் நினைத்திருந்தார். மேடம் அவர்களைப் பின்வரிசை பெஞ்சில் உட்கார வைத்தார். நான் நான்காவது ரீலை நினைத்தேன். மெதுவாக வாசித்தால் தெரியாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். மெதுவாக, மெதுவாக.

திரைக்குப் பக்கத்தில் தரையில் பாய் விரித்து, பெட்டியை வைத்து, முகத்தைத் திரைப் பக்கம் திருப்பி உட்கார்ந்தேன். விளக்கு அணைந்தது. முதல் ரீல் நன்றாகப் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. ஒரே புரொஜக்டர் என்பதால் ஒவ்வொரு ரீலுக்கும் நடுவில் விளக்கைப் போட்டு மாற்றுவார்கள். மூன்றாவது முடிந்து விளக்கு எரிந்தபோது, முன்வரிசையில் இருந்த சிறப்பு விருந்தினர் அட்டெண்டரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. நான் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நான்காவது ரீல் தொடங்கிய ஐந்தாவது நொடியில் தெரிந்தது. வேலைக்காரி மாடிப்படியில் நடக்கவில்லை, ஓடினாள். மகள் கதவை அடைத்தது விசிறி போல இருந்தது. புரொஜக்டரில் இரண்டு வேகம் உண்டு. ஊமைப் படத்துக்கு மெதுவான வேகம், பேசும் படத்துக்கு வேகமானது. யாரோ அந்தச் சுவிட்சைத் தள்ளிவிட்டிருந்தார்கள்.

மாணவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். மகள் தாயைத் திட்டும் இடத்தில் வாய் கோழி கொத்துவது போல அசைந்தது. விசில் பறந்தது. “ஓடு ஆன்ட்டி, ஓடு!” என்று ஒருவன் கத்தினான். எழுந்து நின்று நிறுத்தச் சொல்ல நாக்கு துடித்தது. நிறுத்தினால் அந்தப் பழுப்புக் குமிழ். என் குறிப்புக் காகிதம் பயனற்றுப் போயிற்று. நான் முதல் மெட்டில் இருக்கும்போதே படம் மூன்றாவதுக்குப் போய்விட்டது.

இஸ்திரிக் காட்சி வந்தது. அவள் பைத்தியம் பிடித்தவள் போலத் தேய்த்தாள். கூடம் முழுவதும் சிரிப்பு. எனக்கு இரண்டே வழிகள்தான் இருந்தன. ஒத்திகையில் வாசித்தது போல இழுத்தால் பாதி மெட்டில் காட்சி முடிந்துவிடும், சிரிப்பும் அடங்காது. அவளோடு போக வேண்டுமானால் ஒன்றரைப் பங்கு வேகம் கூட்ட வேண்டும். கூட்டினால் அது எதுவாகும் என்று எனக்குத் தெரியும். பின்வரிசையில் ஒன்பது பெண்கள் இருப்பதும் தெரியும்.

யோசித்து முடிவெடுத்தேன் என்று சொன்னால் பொய். அந்தப் பெண்ணைப் பார்த்து அவர்கள் சிரிப்பதை என்னால் தாங்க முடியவில்லை. அவ்வளவுதான். விரல்கள் அவள் கையைத் துரத்தின. இழுத்து மறைத்து வைத்திருந்த புலம்பல் தன் சொந்த நடைக்கு வந்து சேர்ந்தது. பெரிய வெள்ளிக்கிழமை எப்படிப் பாடுவோமோ அதே நடை.

முதல் அடியில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது அடியில் பின்னால் யாரோ முனகுவது கேட்டது. பிறகு அது இரண்டு குரலாயிற்று, மூன்றாயிற்று. சொல் இல்லை, வெறும் ஓசை. அந்த அடி வருகிறது என்று தெரிந்தும் கையை எடுக்க முடியவில்லை. மகனை மடியில் வாங்கும் அடி.

பெஞ்சுகள் நகரும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். திரையின் வெளிச்சத்தில் ஒன்பது பெண்களும் சிமெண்ட் தரையில் மண்டியிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். சிரித்த மாணவர்கள் பின்னால் திரும்பினார்கள். சிரிப்பு வாயிலேயே நின்றது. வாசல் ஓரத்தில் நின்றிருந்த அப்பா என்னையே பார்த்தார். அந்தப் பார்வையில் எல்லாம் இருந்தது: இது சினிமா, இது நம் பெட்டி, நீ இதைச் சொல்லவில்லை. பிறகு அவரும் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு மெதுவாக முழங்காலை மடக்கினார்.

திரையில் அவள் தேய்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அந்த வேகம் பைத்தியமாகத் தெரியவில்லை. விடிவதற்குள் முடித்தாக வேண்டிய ஒருத்தியின் அவசரமாகத் தெரிந்தது. கடைசி வரை வாசித்தேன்.

கைதட்டல் நீண்ட நேரம் நிற்கவில்லை. எனக்கு அது எதுவும் காதில் ஏறவில்லை. அட்டெண்டரிடம் ஓடினேன்.

“ஏன் அண்ணா?”

“படம் மினுக்குது, கண்ணு வலிக்குதுன்னு மொத வரிசைப் பெரியவரு சொன்னாரு. அதான் ஸ்பீடைத் தட்டி வுட்டேன். மினுக்கல் நின்னுச்சா இல்லியா? சொல்லலாம்னா நீ தலை நிமிராம குந்திக்கினு கீறே. இன்னாமே இதுக்குப் போய் அழுவுற?”

அவரைத் திட்ட வாய் வரவில்லை. தன் இயந்திரத்தைக் குறை சொல்லிவிட்டார்களே என்ற ரோஷத்தில் செய்தது. அந்த ரோஷம் எனக்கு நன்றாகவே தெரிந்த ஒன்று. நகரத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மையார் வழிமறித்துத் தன் முகவரியை எழுதிக் கொடுத்தார். அவர்களுடைய திரைப்படச் சங்கத்தில் அடுத்த மாதம் இதே படத்தைக் காட்டப் போகிறார்களாம், நானே வந்து வாசிக்க முடியுமா என்று கடிதம் போடச் சொன்னார். காகிதத்தை வாங்கி மடித்துக்கொண்டேன்.

பேருந்தில் அந்தப் பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள்.

“நம்ம மாதா பாட்டை வெள்ளைக்காரிக்கா வாசிப்ப? பாவம்டி. சாமி கேட்டா நாங்க இன்னா சொல்றது?”

“வெள்ளைக்காரியா இருந்தா இன்னா, பெத்தவ அழுவுறா. எனக்கு காலு தன்னால மடங்கிச்சி.”

“ஒனக்கு எப்பவுமே காலு மடங்கும், பெஞ்சுல எடம் இல்லாங்காட்டி.”

சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தனியாக வந்தார். அன்றும் மறுநாளும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா, “ஷாப்புல எல்லாரும் கேக்குறாங்களாம். இன்னா பதில் சொல்றதுன்னு தெரியலியாம்” என்று மட்டும் சொன்னாள். தெருவில் கோயில் மணி அடிக்கும் போதெல்லாம் என்னைக் கூப்பிடுவது போல இருந்தது. சாதத்தைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்தேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா எந்த வரிசையில் நிற்பார் என்பதைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் சாமி கூப்பிட்டனுப்பினார். அப்பாவும் வந்து அறை வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை.

“பெரிய வெள்ளிக்கிழமைப் புலம்பலை வாசிச்சியாம்.”

“ஆமாம், சாமி.”

“கோயில் பெட்டியில, சினிமாவுக்கு.”

“ஆமாம், சாமி.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா தர மாட்டீங்கன்னு பயந்துட்டேன்.”

கோபக்காரர் அல்ல அவர். மேசையில் ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார்.

“இனிமே சினிமாவுக்கு வாசிக்க மாட்டேன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடு. நாளைக்கு வழக்கம்போல வந்து உக்காரு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, நான் பாத்துக்கறேன். படிச்ச பொண்ணுதானே, எழுதத் தெரியுமே.”

பேனாவை எடுத்தேன். வாசலில் அப்பாவின் செருப்பு உரசும் சத்தம் கேட்டது. எழுதிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். நாலாவது வரிசை, தோல் ஷாப்பில் தலைநிமிர்வு, எல்லாம். அந்த இஸ்திரிக்காரி மட்டும் டப்பாவுக்குள் போய்விடுவாள். வேறு யாராவது அவளுக்கு வாசிக்கலாம். ஆனால் அவளைப் பார்த்து ஒரு கூடம் முழுக்கச் சிரித்ததையும், அந்தச் சிரிப்பு நின்றதையும் கேட்டவள் நான்தான்.

பேனாவைத் தாளின் மேல் வைத்தேன்.

“என்னால இதை எழுத முடியாது, சாமி. வேற ஒண்ணு எழுதிட்டேன்” என்றேன்.

அன்று மதியமே தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் இருந்த தபால் பெட்டியில் அந்த அம்மையாருக்கான கடிதத்தைப் போட்டிருந்தேன். வருகிறேன் என்று எழுதியிருந்தேன். அதற்குக் கீழே இன்னொரு வரி: ஆர்மோனியத்துக்கு நீங்களே ஏற்பாடு செய்துவிடுங்கள், என்னிடம் பெட்டி கிடையாது.